ஐந்தாவது ஆள்

அந்த அக்கா நாற்காலியை விட்டு எழுந்தால், எங்கே போகிறார் என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "டீ குடிக்கப் போறேன், எதிர்க்கடைக்குத்தான்" என்பார். "பாத்ரூம் போறேன்" என்பார். ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் கிடையாது. மாடியில் ஒரு பைல் எடுக்கப் போவதென்றாலும் சொல்லிவிட்டுத்தான் போவார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லையென்றால், யாராவது ஒருவர் நிமிரும்வரை கதவோரமாக நிற்பார்.

மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தில் இது பெரிய தமாஷ். புதிதாக மாற்றலாகி வந்த சூப்பரின்டெண்டென்ட் ஒருமுறை பொறுக்க முடியாமல், "ஏம்மா, நீங்க போற எடமெல்லாம் எனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டார்.

"யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கட்டும் சார்" என்றார் அக்கா. சிரிக்காமல் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன விதத்தில் சார் தலையைக் குனிந்துகொண்டு பைலைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

தான் சொல்வதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்களையும் கேட்பார். சாயங்காலம் பையைத் தோளில் மாட்டினால் போதும், "நேரா வீட்டுக்கா, வழியில எங்கயாவது போறியா?" என்று வந்து நிற்பார். காய் வாங்கப் போகிறேன் என்றால் எந்த மார்க்கெட், திருப்பாதிரிப்புலியூரா முதுநகரா, பஸ்ஸா ஷேர் ஆட்டோவா என்று வரிசையாகக் கேள்வி வரும். எங்கள் பிரிவில் ஒருவர் பண்ருட்டியில் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டார். அன்று பண்ருட்டி ரோட்டில் பஸ் ஒன்று லாரியில் மோதிவிட்டது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போட்டார், அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மளிகைக்கடைக்கும் போட்டார். அந்த மனிதர் கல்யாணத்துக்கே போகாமல் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் வந்து, "என் உசுர ஏம்மா வாங்குறீங்க? நான் எங்கிருந்தா உங்களுக்கு இன்னா?" என்று பிரிவே அதிரக் கத்தினார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "தூங்கப் போறேன்னே சொல்லியிருக்கலாம்ல சார்" என்று மட்டும் கேட்டார்.

அக்காவின் கணவர் எங்கள் அலுவலகத்தில்தான் வேலை பார்த்திருக்கிறார். சுனாமியில் அவர் போனபிறகு கருணை அடிப்படையில் அக்காவுக்கு டைப்பிஸ்ட் வேலை கொடுத்தார்கள். நான் கடலூருக்கு வந்தது அதற்கும் அப்புறம். அதனால் எனக்கு அவ்வளவுதான் தெரியும். மற்றவர்களும் அதற்கு மேல் பேச மாட்டார்கள். அக்காவின் நாற்காலிக்கு எதிரே, சுவரில், பழைய விளையாட்டு விழாப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் கோப்பையோடு நிற்பவர்தான் அவர் என்று எங்கள் பிரிவில் வேலை பார்த்த ஸ்டெல்லா ஒருநாள் கண்ணால் காட்டினாள்.

ஸ்டெல்லாதான் எங்களை விளையாட்டுக்கு இழுத்தவள். கல்லூரிக் காலத்தில் பூப்பந்து ஆடியவள். எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அதே மாதம், பெண் ஊழியர்களுக்கும் போட்டி வைக்கப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. "வாங்கடி, ஆடி ஒடம்பக் கரைப்போம்" என்றாள் ஸ்டெல்லா. நான் சரி என்றேன். ஆச்சரியமாக, அக்காவும் சரி என்றார். ஆனால் எதை ஆடுவது என்பதில்தான் இழுபறி. எனக்கு ஷட்டில்மேல் ஆசை. உள்ளரங்கில் ஆடுவது, வெயில் கிடையாது, கறுத்துப்போக மாட்டோம். மட்டை பூப்போல இருக்கும். இரண்டு பேர் இருந்தால் போதும், ஆட ஆரம்பித்துவிடலாம். பூப்பந்து அப்படியில்லை. திறந்த மைதானம், செம்மண் தரை, மத்தியானம் கழிந்தால் கடல்காற்று வேறு. மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய அந்தப் பந்து மட்டையில் பட்டால் முழங்கைவரை அதிரும். புதிதாகக் கற்பவர்களுக்கு அது கஷ்டம் என்பது என் கட்சி. ஷட்டிலில் மூச்சு முட்டும், பூப்பந்தில் பாதி நேரம் நின்றே சமாளிக்கலாம் என்பது ஸ்டெல்லாவின் கட்சி.

"ரெண்டையும் ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அக்கா.

முதலில் ஷட்டில். உறை போட்ட மட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். நன்றாக ஆடிப் பழகிய மட்டை. பிடியில் சுற்றிய துணி வியர்வையில் கறுத்திருந்தது. அரங்கில் நுழைந்ததும், ஓரத்தில் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்துவிட்டார். அக்காவைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்தது அந்த மட்டையைத்தான்.

"அண்ணி, நீங்களா?" என்றார். "அண்ணன் இந்தக் கோர்ட்லதான் ஆடுவாரு."

நாங்கள் கொஞ்ச நேரம் ஆடினோம். எனக்கு இறகு மட்டையிலேயே படவில்லை. அக்காவுக்கு வந்தது. கண்ணும் கையும் ஒன்றாக ஓடின. "உங்களுக்கு இது செட் ஆவுதுக்கா" என்றேன். அவருக்கும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், முகம் தெளிந்திருந்தது. ஆடி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது அந்த மனிதரிடம் போய் அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

"அன்னிக்கு இங்க ஆட வந்தாருங்களா?"

"வந்தாரு அண்ணி. நல்லா ஆடுனாரு. சிதம்பரம் போவணும், அதுக்கு முன்னாடி தேவனாம்பட்டினம் பீச்சுல ஒரு நடை நடந்துட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனாரு."

"பீச்சுக்குப் போறேன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"எல்லார்கிட்டயும் பொதுவா சொன்னாரு."

"அப்ப ஏன் யாரும் என்கிட்ட வந்து சொல்லல?"

அந்த மனிதர் துண்டைக் கையில் சுருட்டினார், பிரித்தார். "அவரு பஸ் ஏறியிருப்பாருன்னு நெனச்சிட்டோம் அண்ணி. எங்க வீட்டுலயும் அன்னிக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கேதான் அக்கா எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். திருவாதிரை சமயம். வீட்டில் களி கிண்டியிருக்கிறார். கணவர் களியைத் தொடாமல், "ஷட்டில் ஆடிட்டு அப்படியே சிதம்பரம் போறேன், தரிசனம் முடிச்சிட்டு வந்து சாப்புடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று தெருவெல்லாம் ஓட்டம். பக்கத்துத் தெருவில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் காணோம் என்று அலறியிருக்கிறார்கள்.

"நான் அந்த வீட்டு முன்னாடி போயி நின்னேம்மா" என்றார் அக்கா. "எங்க வீட்டுக்காரரு சிதம்பரம் போயிட்டாரு, சாமி காப்பாத்திச்சுன்னு சொன்னேன். அழுவுறவங்ககிட்ட போயி அதச் சொன்னேன். அன்னிக்கு முழுக்க சந்தோஷமா இருந்தேன்."

இரவு கணவர் வரவில்லை. பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்தார். மறுநாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சிதம்பரம் போனார். கோயிலுக்குள் தேடினார். தேரோடும் வீதி நான்கிலும் தேடினார். லாட்ஜ் லாட்ஜாக ஏறிக் கேட்டார். அதற்கு மறுநாளும் அங்கேயே தேடினார். கடைசியில் கடலூர் ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்த போட்டோக்களைப் பார்க்கச் சொல்லி யாரோ அனுப்பினார்கள். முகம் தெரியவில்லை. காலில் இருந்த ஷூவை வைத்துத்தான் அடையாளம் சொன்னார். அதற்குள் மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

"நான் தப்பான ஊருல தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். அழவில்லை. மட்டையை உறைக்குள் போட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினார்.

அடுத்த வாரம் பூப்பந்து. மட்டைக்குத் தப்பிய பந்து பட்டுப் பட்டு அக்காவின் முன்கை சிவந்துவிட்டது. ஷட்டிலில் வந்த லாகவம் இங்கே வரவில்லை. ஸ்டெல்லாவே, "அக்கா, உங்களுக்கு அதான் நல்லா வருது, அங்கயே போங்க" என்று மனசாரச் சொன்னாள். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல நாலு பேர வச்சு ஆட முடியாதா?"

"முடியாதுக்கா. டீமுக்கு அஞ்சு பேரு வேணும்."

"ஒருத்தி வரலைன்னா?"

"ஆட்டம் இல்ல. போயி எங்கருந்தாலும் புடிச்சுக்கிட்டு வரணும்."

"அப்ப எனக்கு இதான்" என்றார் அக்கா. என் ஷட்டில் ஆசை அன்றோடு முடிந்தது. அவரைத் தனியாக விட்டுவிட்டு அங்கே போக எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்துப் பிரிவிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்து ஐந்து பேர் ஆனோம். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்த அந்தப் பழக்கம் மைதானத்தில் எங்களுக்குக் கை கொடுத்தது. அக்கா பின்வரிசையில் நிற்பார். பந்து வரும்போதெல்லாம், "நான் இங்க இருக்கேன், எடுக்கறேன்" என்று குரல் கொடுப்பார். முன்னால் நிற்கும் நாங்கள் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. மற்ற அணிகளில் ஒரே பந்துக்கு இரண்டு பேர் ஓடி முட்டிக்கொள்வார்கள். எங்களிடம் அது நடக்கவே நடக்காது. மாவட்ட அளவில் ஒருமுறை இரண்டாவதாக வந்தோம். சில்வர் டம்ளர் பரிசு. அன்று அக்கா எங்கள் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். கைகழுவப் போகும்போதும் "கைகழுவப் போறேன்" என்றார். ஸ்டெல்லா, "போயிட்டு வாங்க, நாங்க ஓடிப்போயிட மாட்டோம்" என்றாள். அக்காவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து ஹாஸ்டலில் சேர்ந்தாள். அந்த ஊர் என்றதும் அக்காவுக்கு விருப்பமில்லை. வேறு இடம் கிடைக்கவில்லை. மகள் கையில் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு அவர் ஆட்டத்தின் நடுவில்கூட ஓடிப்போய்ப் பையிலிருந்த போனை எடுப்பார். "கிளாஸ் முடிஞ்சுதா? மெஸ்ஸுக்குப் போயிட்டியா? பக்கத்துல யாரு?" கேட்பது ஒரே கேள்விகள்தான். ஒருநாள் அந்தப் பெண் லீவில் வந்தபோது மைதானத்துக்கும் வந்தாள். ஒல்லியாக, அப்பாவின் முகஜாடையோடு இருந்தாள். நாங்கள் ஆடி முடித்ததும் அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, ஹாஸ்டல்ல எல்லாரும் என்னை எப்படிக் கூப்புடுறாங்க தெரியுமா? ஜெயில் கைதின்னு. நான் சினிமாவுக்குப் போனா லைப்ரரின்னு சொல்லுவேன். ஃபிரண்டு ரூமுக்குப் போனா என் ரூம்னு சொல்லுவேன். பொய் சொல்லிப் பழகிப்போச்சு. உண்மையச் சொன்னா, அங்க இருக்கறவங்க நம்பரெல்லாம் கேப்பாங்க."

"அம்மாவுக்கு பயம்டா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஆன்ட்டி. கோயில்ல அப்பாவத் தேடறப்ப நானும் கூடத்தான இருந்தேன்? என் கையப் புடிச்சிக்கிட்டு, பாக்கற ஆளையெல்லாம் உங்க அப்பாவா பாரு, உங்க அப்பாவா பாருன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப அப்பா மொகமே மறந்துபோச்சு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "என்னை அவுங்க எப்பவுமே காணாமப் போனவளாத்தான் பாக்கறாங்க."

அக்கா தூரத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்த்து, "எங்கயும் போயிடாதீங்க, வந்துடறேன்" என்று கத்தினார்.

இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. விடிகாலையில் தொடங்கி, ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, போன் இல்லை. ரோடு முழுக்க மரங்கள். எங்கள் வீட்டுக் கூரை ஓடுகளை நாங்கள் பொறுக்கிக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அக்காவின் ஞாபகமே வந்தது. வீடு பூட்டியிருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"மொதல்ல சிதம்பரம் ஹாஸ்டலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, கொஞ்சம் நடந்தும் கொஞ்சம் லாரியிலயும் போச்சு. திரும்பி வந்து, பொண்ணு அங்க இல்ல, வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு புயலுக்கு முன்னாடியே கெளம்பிட்டாளாம், நான் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன், யார் கேட்டாலும் சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிருக்கு."

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அடிபட்டவர்கள் இருந்த வார்டுகளில் தேடினேன். இல்லை. ஒரு வார்டுபாய்தான் பின்பக்கம் கைகாட்டினான். பிணவறைக்கு எதிரே, முறிந்து கிடந்த மரத்தின்மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். புடவை முழுக்கச் சேறு. பாதங்கள் வீங்கியிருந்தன. மடியில் தண்ணீர் பாட்டில்.

"உள்ள பாத்துட்டேன், இல்ல" என்றார் என்னைப் பார்த்ததும். குரல் சாதாரணமாக இருந்தது. "இன்னும் வண்டி வருதாம். வந்தா பாக்கணும்."

"அக்கா, வாங்க, வீட்டுக்குப் போவலாம். அவ எங்கயாவது ஃபிரண்டு வீட்டுல இருப்பா."

"இருக்கலாம். போன தடவ நான் மொதல்ல கோயிலுக்குப் போனேன். இந்தத் தடவ அந்தத் தப்பப் பண்ண மாட்டேன்." பிணவறைக் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "இங்க இல்லைன்னு தெரிஞ்சாதான் மத்த எடத்துல தேட முடியும்."

அவரை என்னால் எழுப்ப முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வண்டி வந்தது. அக்கா எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாரோ வயதானவர். வந்து உட்கார்ந்து, "பாவம்" என்றார். மத்தியானம்போல இன்னொரு வண்டி. அதையும் போய்ப் பார்த்தார். என்னை வர வேண்டாம் என்று கையமர்த்திவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் போனார்.

அவர் இரண்டாம் முறை உள்ளே போயிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். பண்ருட்டியில் கூடப் படிப்பவள் வீட்டில் இருந்திருக்கிறாள். வருடப் பிறப்புக்கு அங்கே இருந்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்ற எண்ணம். அம்மாவிடம் ஹாஸ்டலில் இருப்பதாகவும், ஹாஸ்டலில் வீட்டுக்குப் போவதாகவும் சொல்லியிருக்கிறாள். முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்து ரோடு அடைத்துக்கொண்டதால் வர முடியவில்லை. பாதி தூரம் நடந்து, பாதி தூரம் யாருடைய பைக்கிலோ தொற்றி, வீட்டுக்கு வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் இங்கே அனுப்பியிருக்கிறாள்.

கட்டடத்தின்மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "அம்மா இங்க ஏன் இருக்காங்க?" என்று என்னிடம் கேட்டாள். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் பதில் சொல்வதற்குள் அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தார்.

மகளைப் பார்த்தார். ஓடிவரவில்லை. மெதுவாக நடந்துவந்து, அவள் முகத்தைத் தொடாமல், குனிந்து முதலில் அவள் கால்களைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அவள் கன்னத்தில் கையை வைத்தார்.

"உள்ள ஒரு பொண்ணு இருக்கா. உன் வயசுதான்" என்றார். "நான் பயந்துட்டேன். நல்லாப் பாத்தேன். நீ இல்ல."

அந்தப் பெண் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அம்மாவின் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை, பயம். மூவரும் வீடுவரை நடந்தோம். இருவருக்கும் நடுவில் நான் நடந்தேன்.

அதற்கப்புறம் அந்தப் பெண் பொய் சொன்னதில்லை என்று அக்கா சொன்னார். பேசியதும் இல்லை. போன் போட்டால் எடுக்க மாட்டாள். ஆனால் தினமும் சாயங்காலம் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுவாள். "இருக்கேன்." வேறு வார்த்தை கிடையாது. புயலில் மைதானத்தின் கம்பங்கள் சாய்ந்ததோடு எங்கள் ஆட்டமும் நின்றுபோயிருந்தது. ஸ்டெல்லாவுக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் ஆனது. அக்கா, மகள் படிக்கும் ஊரிலேயே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்து, சிதம்பரம் போய்விட்டார். மகள் அப்போதும் ஹாஸ்டலைவிட்டு அவரோடு வந்து இருக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு வேலையாகச் சிதம்பரம் போனபோது அக்காவைப் பார்த்தேன். கீழ வீதிக்குப் பின்னால் சின்ன வீடு. முழங்கால் வலி என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காப்பி போட்டுக் கொடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் ஒரு சத்தம் கொடுத்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதே வார்த்தை.

"தெனம் தவறாம வருதா அக்கா?"

"தவறுனதே இல்ல."

"அப்புறம் என்னக்கா? நிம்மதியா இருக்கலாம்ல?"

அக்கா போனை வாங்கி அந்த வார்த்தையை மறுபடியும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார்.

"இத யார் வேணா அடிச்சு அனுப்பலாம்லம்மா?"

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஹாஸ்டல் அங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்றும், கேட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்றால் மாடி வராந்தாவில் அவள் துணி எடுப்பது தெரியும் என்றும், அவளுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்றும் சொன்னார்.